நின்ற பிறகும் 2.1

அத்தியாயம் 14

கிறிஸ்டினாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது சேலையூரில் அவள் பிறந்த தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த வியாழக்கிழமை அவளுக்கு வந்தது மூக்கு நுனிக் கோபம் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்த கோபம்.

காரணம் ஒரு எண். போன வாரம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் பார்த்தோமே, அதே 2.1.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பெருங்குடியில் கிறிஸ்டினா வேலை பார்க்கும் கம்பெனி, சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் எட்டு மாடி உயரத்துக்கு 'ரோட்டர்' எனப்படும் உருளைத் தூண்களை நிறுத்துகிறது. தூண் சுழலும்போது, பக்கவாட்டில் அடிக்கிற காற்று கப்பலை முன்னால் தள்ளும். காற்று எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்கு இன்ஜின் எண்ணெய் குடிப்பது குறையும், புகையும் குறையும். எப்போது சுழலவேண்டும், எவ்வளவு வேகம், ஆபத்து என்றால் எப்போது தானாக நிற்கவேண்டும் என்பதையெல்லாம் ஒரு இரும்புப் பேனலுக்குள் இருக்கும் மூளை தீர்மானிக்கிறது. அந்த மூளைக்குப் பாடம் எழுதுகிற கன்ட்ரோல்ஸ் இன்ஜினியர்தான் நம் கிறிஸ்டினா. வயது முப்பத்தேழு. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் தனி ஃபிளாட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளும் யோசனையும் இல்லை.

'தாரிணி' என்ற கப்பலில் அப்படி இரண்டு தூண்கள். மூன்று வாரமாக இரண்டாவது தூணின் அதிர்வு 2.1 என்று காட்டுகிறது. காலையில் 2.1. மாலையில் 2.1. காற்று சீறினாலும் 2.1, அடங்கினாலும் 2.1.

ஓடுகிற இயந்திரம் எதுவும் அப்படி இருக்காது. முதல் தூண் ஒழுங்காக 1.8, 2.6, 2.2 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் மட்டும் யாரோ சென்சாரின் வாயைக் கட்டிவிட்டு, அதன் நாற்காலியில் ஒரு பொய் எண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலில் இதற்கு 'ஃபோர்ஸ் போடுவது' என்று பெயர்.

ஃபோர்ஸ் போடுவது குற்றமில்லை. சோதனை நேரத்தில் எல்லாரும் போடுகிறார்கள். எடுக்காமல் விட்டுவிட்டு வருவதுதான் குற்றம். அதற்காகவே கிறிஸ்டினா ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தாள். யார் ஃபோர்ஸ் போட்டாலும், பள்ளிக்கூடப் பெண்கள் சடைக்குக் கட்டுகிற சிவப்பு ரிப்பன் ஒன்றைப் பேனல் கைப்பிடியில் கட்டவேண்டும். அதில் தன் பெயரை எழுதவேண்டும். போட்டவன்தான் எடுக்கவேண்டும், எடுத்த பிறகுதான் ரிப்பனை அவிழ்க்கவேண்டும். ரிப்பன் தொங்குகிற கப்பலை எவனும் ஒப்படைக்கக்கூடாது.

தாரிணியை ஒப்படைக்கப் போனவன் வேறு யாருமில்லை. அவளுடைய சொந்தத் தம்பி பிரசன்னா. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளே சிபாரிசு செய்து அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன்.

* * *

"சார், ரெண்டாவது ரோட்டரை உடனே நிறுத்தச் சொல்லணும்."

புராஜெக்ட் ஹெட் ராகவேந்திரா நிமிர்ந்து பார்த்தார். மணி பன்னிரண்டு. அவர் முகத்தில் பசிகூடத் தெரியவில்லை.

"உக்காருங்க கிறிஸ்டினா. காபி?"

"காபி வேணாம் சார். இதைப் பாருங்க." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "வைப்ரேஷன் பொய். மோட்டார் கரண்ட் மட்டும்தான் நிஜம். மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்ததைவிட கால் பங்கு அதிகமா எடுக்குது, அதே ஸ்பீடுக்கு. பேரிங் போயிட்டிருக்கு சார்."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு டிரையல் முடியுது. இன்ஸ்பெக்டர் கப்பல்லயே உக்காந்திருக்கார். மூணு வாரம் ஓடினது இன்னும் பதினெட்டு மணி நேரம் ஓடாதா?"

"இன்னிக்கு ராத்திரி அரபிக்கடல்ல காத்து நம்ம லிமிட்டுக்குக் கொஞ்சம் கீழ சார். லிமிட்டைத் தாண்டினா தானா நிக்கும். தாண்டாது. விடிய விடிய ஃபுல் ஸ்பீடு. அது உடைஞ்சா கீழ டெக்ல இருக்கறவங்க கதி? இருபத்திரண்டு பேர் இருக்காங்க."

ராகவேந்திரா பேனாவை மூடி வைத்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. குரலை உயர்த்தாதவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவிகள் அந்த ஆபீசில் நிறைய.

"ஃபோர்ஸ் போட்டது யாருன்னு யோசிச்சீங்களா? ஹேண்ட்ஓவருக்குப் போனது உங்க தம்பி. அவர் பேர்லதான் ரெக்கார்டு இருக்கும். நீங்க ஒரு மெயில் போட்டா, நான் இன்னொரு மெயில் போடவேண்டி வரும். வேலையோட நிக்காது. போலீஸ் கேஸ்னு போகும். அவர் வொய்ஃபுக்கு அடுத்த வாரம் வளைகாப்புன்னு லீவ் லெட்டர்ல பார்த்தேன்."

கிறிஸ்டினாவுக்குக் காது மடல் சூடாயிற்று.

"மிரட்டறீங்களா சார்?"

"ஞாபகப்படுத்தறேன். கப்பலோட பேசறது என் வழியாத்தான். அது கம்பெனி ரூல். நாளைக்கு ஆறு மணிக்கு நானே நிறுத்தச் சொல்றேன். அது வரைக்கும் நீங்க எதையும் பார்க்கல."

கரையிலிருந்தே ஒரு பொத்தானை அழுத்தி அந்தத் தூணை நிறுத்திவிட முடியுமா என்றால், முடியாது. கரையிலிருந்து பார்க்கலாம், தொடக்கூடாது என்று எழுதியவளே அவள்தான். நடுக்கடலில் இருப்பவனைக் கேட்காமல் ஆபீசில் இருப்பவன் எதையும் ஆட்டக்கூடாது என்பது அவள் கட்சி. அந்த நல்ல கட்சி இன்றைக்கு அவள் கையையே கட்டிப்போட்டது.

லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். கதவை அறைந்து சாத்தவேண்டும்போல் இருந்தது. அது மெல்லச் சாத்திக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. அதுகூட அவளுக்கு ஒத்துழைக்கவில்லை.

* * *

பிரசன்னாவுக்கு மூன்று தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை. காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவ்.

ஸ்கூட்டரை எடுத்தாள். பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று ஜூன் வெயில் மண்டையைப் பிளந்தது. மேடவாக்கம் சிக்னலில் முன்னால் நின்ற வேன்காரனைத் திட்டினாள், பின்னால் ஹார்ன் அடித்தவனைத் திட்டினாள், பச்சை விழுந்தும் நகராத ஆட்டோக்காரரைத் திட்டினாள். அவர் திரும்பி, "இன்னா மேடம், வூட்ல சண்டையா?" என்றார். இனிமேல்தான் என்று பதில் சொல்லத் தோன்றியது.

சேலையூர் வீட்டில் அப்பா சின்னப்பன் சாப்பிட்டுவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். தாம்பரம் கார் ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் மின்சார ரயில்களைப் பழுது பார்த்து ரிட்டையர் ஆனவர். மனைவி காந்திமதி அம்மாள் இறந்துபோன பிறகு டி.வி.யின் சத்தம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

"வாம்மா கிறிஸ்டி. இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"உங்க புள்ள எங்க?"

"மேல படுத்திருக்கான். காய்ச்சல்..."

"பிரசன்னா!"

அந்தக் கூப்பாட்டுக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. மாடிப்படியில் பிரசன்னா இறங்கி வந்தான். லுங்கியும் பனியனும். முகத்தில் மூன்று நாள் தாடி இருந்தது, காய்ச்சல் இல்லை. பின்னால் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அனுப்பிரியா மெல்ல வந்தாள்.

கிறிஸ்டினா டி.வி.யை அணைத்தாள்.

"2.1 யாரு போட்ட நம்பர்?"

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"உன்னத்தான்டா கேக்கறேன்."

"நான்தான்க்கா."

சரி, சொல்லிவிட்டான். இனி கொஞ்சம் கோபம் தணியும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்குக் கிறிஸ்டினாவைத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலை ஒரு தள்ளு தள்ளினாள். அது சுவரில் மோதி விழுந்தது.

"மூணு வாரம்டா! மூணு வாரமா என் கூட உக்காந்து டிபன் சாப்பிடறே. ஒரு வார்த்தை?"

"சென்சார் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்க்கா. ஸ்பீடு ஏத்தினா ஆறு, ஏழுன்னு குதிச்சுது. புது பேரிங், எப்படி ஆறு வரும்? ஸ்பேர் சென்சார் மறுநாள் வருதுன்னு சொன்னாங்க. அது வரைக்கும் ஃபோர்ஸ் போட்டேன். ரிப்பன் கட்டினேன். ராகவேந்திரா சார்கிட்டயும் சொன்னேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவர்தான் ரிப்பனை அவுக்கச் சொன்னாரு." பிரசன்னா கடைசிப் படியில் உட்கார்ந்தான். "அன்னிக்குக் கப்பல்ல பூஜை போட்டாங்க. பேனலுக்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. ஓனர் சைடுல எல்லாரும் வந்து நிக்கறாங்க, போட்டோ எடுக்கப் போறாங்க. 'இது என்ன நடுவுல கந்தல் துணி, எடு'ன்னாரு. ஒரு நிமிஷம்தானேன்னு அவுத்துப் பாக்கெட்ல வெச்சேன். போட்டோ முடிஞ்சதும் திரும்பக் கட்டலாம்னு..."

"ஏன் கட்டல?"

அவன் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தான்.

"ஏன்டா கட்டல?"

"உன் போன் வந்துச்சு."



கிறிஸ்டினாவுக்கு அந்தப் போன் நினைவிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. அன்றைக்கு மாலை ஆறு மணிக்குச் சர்ச்சில் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. எண்ணூர்ப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து சேலையூர் வர இரண்டரை மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கும் அவன் அங்கேயே இருக்கிறான் என்று தெரிந்ததும் போனில் கத்தினாள். 'ஆறு மணிக்கு நீ கோயில்ல இல்லன்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் என்ன அக்கான்னு கூப்பிடாத.'

அவன் வந்துவிட்டான். ஐந்து ஐம்பதுக்கு, வியர்த்து விறுவிறுத்து, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். அவளுக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! தம்பி நம் சொல்லைத் தட்டமாட்டான் என்று அனுப்பிரியாவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

"மறுநாள் போய் எடுத்துடலாம்னு இருந்தேன்க்கா. கப்பல் ஒரு நாள் முன்னாடியே, அன்னிக்கு ராத்திரியே கிளம்பிடுச்சு. அப்புறம் தினமும் இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு..."

"தினமும் சொல்லல."

"பயமா இருந்துச்சு."

"யார்மேல? ராகவேந்திரா மேலயா?"

"உன்மேல."

பளாரென்று அறைந்தால்கூட அப்படி வலித்திருக்காது. வலித்ததால் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. தன்மேல் கோபம், அவன்மேல் கோபம், பூஜைக்கும் போட்டோவுக்கும் நடுவில் ரிப்பனைக் கந்தல் என்றவன்மேல் கோபம். எதை முதலில் கத்துவது என்று தெரியாமல் நின்றாள்.

அனுப்பிரியா உள்ளே போய்விட்டு வந்தாள். கையில் நாலாக மடித்த சிவப்பு ரிப்பன்.

"அண்ணி, இவரு பேண்ட் பாக்கெட்ல இருந்துச்சு. துவைக்கும்போது பார்த்தேன். வளைகாப்புக்கு ஏதோ வாங்கினாருன்னு இஸ்திரி போட்டு வெச்சேன்."

கிறிஸ்டினா விரித்துப் பார்த்தாள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய பெயர் கரைந்து போய், ஒரு நீலக் கறை மட்டும் மிச்சமிருந்தது.

* * *

"கிறிஸ்டி, இப்படி உக்காரு." சின்னப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு. நீ பெரிய போஸ்ட்ல இருக்க. உன்ன அவ்வளவு சுலபமா கைவெக்கமாட்டாங்க. நான்தான் கவனிக்காம விட்டேன்னு நீ சொல்லிடேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"இவனுக்குக் குடும்பம் ஆயிடுச்சு. புள்ள பொறக்கப் போவுது. உனக்கு அப்படி..."

"எனக்கு அப்படி?"

"ஒத்தை ஆளு. எங்க போனாலும் பொழச்சுக்குவே."

இதைத்தான் இத்தனை வருஷமாக வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள லீவ் போடு, உனக்கென்ன, ஒத்தை ஆளு. தம்பிக்கு வேலை பார்த்துக் கொடு, உனக்கென்ன. இப்போது பெயரையும் கொடு.

"ஒத்தை ஆளோட பேரு போனா பரவாயில்ல. அப்படித்தானே? என் பேரு என்னப்பா, ஆளில்லாத வூட்டுத் திண்டுக்கல் பூட்டா, யாரு வேணாலும் ஒடைக்க? சரி, அதை விடுங்க. கார் ஷெட்ல வண்டிக்கு அடியில நீங்க வேலை பாக்கும்போது எவனாவது மறந்துபோய் கரண்ட்ட விட்டுட்டு, 'ஐயோ, எனக்குக் குடும்பம் இருக்கு, சொல்லமாட்டேன்'னு இருந்திருந்தா, இன்னிக்கு நீங்க இருப்பீங்களா?"

  முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் சின்னப்பன் கூட வேலை பார்த்த இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். அது அவளுக்கும் தெரியும்.

கிறிஸ்டினா போனை எடுத்தாள். தாரிணியின் சீஃப் இன்ஜினியர் தயாளனின் எண்ணைத் தேடி வாட்ஸப் கால் போட்டாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நீ சொல்லு."

"அக்கா..."

"போட்டவன்தான் எடுக்கணும். சொல்லு."

"போன் பண்ணா எனக்கு வேலை போயிடும்க்கா. உனக்கும் போயிடும்."

"போகட்டும்!"

அவன் போனை வாங்கி, "சார், பிரசன்னா பேசறேன்" என்றான். ஸ்பீக்கரில் காசிமேட்டுக் குரல் ஒன்று, இன்ஜின் இரைச்சலோடு வந்தது.

"அலோ, யாரு? நம்ம பிரசன்னாவா? இன்னாபா, இத்தினி நாளு கயிச்சு?"

"தயாளன் சார்... ரெண்டாவது ரோட்டரை நிறுத்துங்க சார். வைப்ரேஷன் 2.1னு காட்டுறது பொய். நான் ஃபோர்ஸ் போட்டேன். எடுக்காம வந்துட்டேன்."



"அடப்பாவி. ரெண்டு நாளா அடியில கரகரன்னு ஒரு சத்தம் கேட்டுகினே கீது. எனக்கு இருப்பே கொள்ளல. உங்க ஆபீசுக்கு மெயில் போட்டேன். 'வைப்ரேஷன் 2.1, நார்மல், ஓட்டுங்க'ன்னு உங்க ராகவேந்திரா சாரு பதில் போட்டாரே!"

கிறிஸ்டினா போனைப் பிடுங்கினாள்.

"எப்ப சார் போட்டாரு?"

"நேத்து காலீல. யாரு, கிறிஸ்டினா மேடமா? இரும்மா, கேப்டனாண்ட சொல்லிட்டு வர்றேன். அந்த இன்ஸ்பெக்டரு குதிப்பாரு. குதிச்சுக்கினு போகட்டும். எம் பசங்க அதும் பக்கத்துலதான் பெயின்ட் அடிச்சுகினு கீறானுங்க."

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தார்கள். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். சின்னப்பனும் வந்து நின்றார். பழைய பழக்கம், ஓடுகிற எதையும் யாராவது நிறுத்தப் போகிறார்கள் என்றால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தூண், வேகம் 180. அதிர்வு 2.1.

பிறகு வேகம் 171 என்றது. 140. 95.  52. 20. 6.

பூஜ்யம்.

அந்த எட்டு மாடித் தூண், அரபிக்கடலில், அசையாமல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே திரையில் அதிர்வு: 2.1.

"நின்னுடுச்சே," என்றார் சின்னப்பன். "அப்புறம் எப்படி அதிரும்?"

 கிறிஸ்டினா அந்தத் திரையைப் படம் பிடித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

"தயாளன் சார், ஃபோர்ஸை இப்ப எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். பேனல்ல ஃபோர்ஸ் லிஸ்ட்டை ஓபன் பண்ணி ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க."

படம் வந்தது. இரண்டாவது தூண், அதிர்வு, 2.1, தேதி, நேரம். போட்டவர் பெயர்: கிறிஸ்டினா.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"என் லாகின்ல ஃபோர்ஸ் போட பர்மிஷன் இல்லக்கா." பிரசன்னாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அன்னிக்குக் காலைல நீதானே உன் பாஸ்வேர்டை அனுப்பின. பூசை வேலை தலைக்கு மேல இருக்கு, எதுக்கெடுத்தாலும் எனக்கு போன் பண்ணாதன்னு."

அனுப்பியிருந்தாள். வாட்ஸப்பில், ஒரு கோப ஸ்மைலியோடு. ரிப்பனுக்குச் சட்டம் போட்டவள், தன் சாவியைத் தானே தூக்கிக் கொடுத்திருந்தாள்.

"அப்ப..." சின்னப்பன் மெல்லக் கேட்டார். "பிரசன்னா பேரு எங்கயும் இல்லியா?"

கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு. அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கிறிஸ்டினா அதைக் கேட்டாள். அவள் அப்பாவைத் திட்டவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் திட்டாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

* * *

உட்கார்ந்து மெயில் எழுதினாள். ராகவேந்திராவுக்கு, கப்பல் ஓனருக்கு, இன்ஸ்பெக்டருக்கு. ஃபோர்ஸ் போட்டது பிரசன்னா. பாஸ்வேர்ட் கொடுத்தது கிறிஸ்டினா. ரிப்பனை அவிழ்க்கச் சொன்னது ராகவேந்திரா. நேற்று சத்தம் கேட்கிறது என்று கப்பல் சொன்ன பிறகும் ஓட்டச் சொன்னது ராகவேந்திரா. நின்றுபோன தூண் 2.1 என்று காட்டும் படம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை.

கீழே தன் பெயரை அடித்தாள். அடுத்த வரியைக் காலியாக விட்டாள்.

"அது உன் வரி. நான் அடிக்கமாட்டேன். நீயே அடிச்சு, நீயே அனுப்பு."

"டேய், போடாதடா," என்றார் சின்னப்பன்.

அதற்குள் தயாளன் மறுபடியும் கூப்பிட்டார். வீட்டுக்குள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. கிறிஸ்டினா தெருவுக்கு ஓடினாள்.

"மேடம், அடியில மூடியத் தொறந்து பார்த்தேன். கிரீஸ் கன்னங்கரேல்னு கீது. உள்ள இரும்புத் தூளு, மினுமினுன்னு, கைநிறைய. சென்சாரு கெட்டுப்போவல மேடம். அது மொத நாள்லேர்ந்து நெசத்ததான் சொல்லிகினு இருந்துது. நம்மதான் அதும் வாயக் கட்டிட்டோம். இன்னிக்கு ராத்திரி ஓடியிருந்தா, விடியறப்ப நான் உங்ககிட்ட பேசிகினு இருக்கமாட்டேன்."

கிறிஸ்டினா வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டாள்.  நன்றி என்று சொன்னாள். 

அவள் உள்ளே வந்தபோது மேசைக்கருகில் யாரும் இல்லை. லேப்டாப் மட்டும் இருந்தது. மெயில் போயிருந்தது.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், தம்பியை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு திறந்து படித்தாள்.

கீழே ஒரு பெயர்தான் இருந்தது. பிரசன்னா. அவள் பெயர் இல்லை. பாஸ்வேர்ட் வரி இல்லை. அக்காவைக் காப்பாற்றுகிறானாம்! அவளைக் கேட்காமல், அவள் மெயிலிலிருந்தே, உண்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொய்யை உட்காரவைத்திருக்கிறான். மறுபடியும் ஃபோர்ஸ்.

அதுகூடப் போகட்டும். பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அடுத்து அவள் தேடிய இரண்டு வரிகளும் இல்லை. ரிப்பனை அவிழ்க்கச் சொன்னவரும் இல்லை, நேற்று ஓட்டச் சொன்னவரும் இல்லை. அந்த மெயிலில் ராகவேந்திரா என்ற பெயர், அனுப்பப்பட்டவர்கள் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

அவரிடமிருந்து அதற்குள் பதிலும் வந்திருந்தது. 'குறித்துக்கொண்டேன். பிரசன்னா நாளைக் காலை ஒன்பது மணிக்கு என்னை வந்து பார்க்கவும். கிறிஸ்டினாவின் விழிப்புணர்வுக்கு நன்றி.'

அந்த வரிகளை அவன் தானாக அழித்திருக்கமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. "யாருப்பா போன் பண்ணது?" என்று கேட்டாள்.

சின்னப்பன் மாடிப்படிக்குக் கீழே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அனுப்பிரியாதான் சொன்னாள்.

"நீங்க வெளிய போனதும் அவருக்கு ஒரு போன் வந்துச்சு அண்ணி. 'சொல்லுங்க சார்'னு எடுத்தாரு. அப்புறம் உக்காந்து எதையோ அழிச்சாரு. மேல போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. இன்னும் பேசிட்டிருக்காரு."

கிறிஸ்டினா மேசைமேல் இருந்த ரிப்பனை எடுத்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நீலக் கறைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: பிரசன்னா. அப்பாவின் கையைக் கைப்பிடியிலிருந்து விலக்கிவிட்டுப் படியேறினாள்.

மாடியறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் குரல் கேட்டது. "சரி சார். எடுத்துட்டேன் சார். அக்காவுக்கு இன்னும் அது தெரியாது சார்."

எது தெரியாது?

ரிப்பனைக் கதவின் கைப்பிடியில் கட்டினாள். ஒரு முடிச்சு. அதன்மேல் இன்னொரு முடிச்சு, இறுக்கி.

பிறகு கதவை உதைத்தாள்.